எஸ்தர் அக்கா எடுத்த வசனம்

கர்த்தர் தன்னிடம் சொன்னதாக என் அக்கா எஸ்தர் நம்பிக்கொண்டிருக்கும் அந்த வார்த்தையைக் கர்த்தர் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

சொல்லிவிட்டேன்! இத்தனை காலம் தொண்டையில் சிக்கிய முள்ளாய் நின்றது, இரண்டே வரியில் வெளியே வந்துவிட்டது. ஆனால் முள் இன்னும் அங்கேதான் இருக்கிறது...

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. என் படங்களில் ஒன்றை எங்காவது பார்த்திருக்கலாம். முகமே வரையாத ஓவியர் என்று என்னைப் பற்றிச் சிலர் சிலாகித்து எழுதியதைப் படித்திருக்கலாம். அதையெல்லாம் மறந்துவிடுங்கள். நான் எப்படிப்பட்டவன் என்று தெரிய வேண்டுமானால் போடிநாயக்கனூரில் ஓர் ஓட்டு வீட்டின் சுவரில் தொங்கும் உள்ளங்கை அகல அட்டையைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

என் அப்பா சபையில் உபதேசியார். சபைப் போதகரான ஐயர் வெளியூர் போகும் நாட்களில் ஜெபம் நடத்துவார். சனிக்கிழமை தவறாமல் மலையேறி, ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் எங்கள் சனங்களுக்குத் தகரக் கூரை போட்ட சின்னக் கோயிலில் ஆராதனை நடத்துவார். அம்மா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டாள். என்னைவிட எட்டு வயது மூத்தவளான எஸ்தர் அக்காதான் எனக்குச் சோறூட்டினாள், தலை வாரினாள், அடித்தாள், அழுதாள்.

அக்காவுக்கு ஏலக்காய்க் கிடங்கில் காய் பொறுக்கும் வேலை. பெருங்காய், சிறுகாய், வெடித்தது, வெளுத்தது என்று பகல் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து பிரித்துப் போட வேண்டும். அவள் வலது கட்டைவிரல் நகம் அந்த வேலையிலேயே தேய்ந்து பாதியாகிவிட்டது. அந்த நகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதை விற்றுத்தான் நான் பெயர் வாங்கினேன்.

சின்ன வயதில் அடுப்புக்கரியை எடுத்து அடுக்களைச் சுவரில் அக்காவின் முகத்தை வரைந்தேன். அப்பா பார்த்தார். அடிக்கவில்லை. ஈரத்துணி கொண்டுவந்து அவரே துடைத்தார்.

"முகத்த உண்டாக்குறது கர்த்தரோட சோலிடா. அதுல நாம கை வைக்கக் கூடாது. எழுத்து எழுது, பூ எழுது... யாரு வேணாங்குறா?" என்றார்.

அப்படித்தான் நான் எழுத்துக்காரன் ஆனேன். அப்பா பழைய வேதப்புத்தகத்தைத் திறந்து வைத்து, ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் விரலால் தடவிக் காட்டுவார். 'ஞ'வை அவர் எழுதும் அழகுக்கு நான் இன்றுவரை ஏங்குகிறேன். எழுத்துக்கு மேல் பூ. எந்தப் பூவை எழுதுவது? அப்பாவோடு மலைக்குப் போனபோது கண்டுபிடித்தேன். ஏலச்செடி தலைக்கு மேலே பூப்பதில்லை. காலடியில், மண்ணில் படர்ந்த காம்பில் பூக்கிறது. வெள்ளையில் ஊதாக் கோடு. குனிந்தவனுக்குத்தான் தெரியும். அதுவே என் பூவாயிற்று.

இனி அந்த அட்டை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் ஒரு நார்ப்பெட்டி வரிசை வரிசையாக வரும். அதில் வசனம் எழுதிய சிறு அட்டைகள் கவிழ்த்துப் போடப்பட்டிருக்கும். ஜெபித்துவிட்டு ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். கையில் வருவது எதுவோ, அதுதான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் அவருக்குச் சொல்லும் வார்த்தை. வாக்குத்தத்த வசனம் என்போம். கண்ணாடி போட்டு மாட்டுவார்கள். வீடு கட்டலாமா, பெண்ணைக் கொடுக்கலாமா என்று அதைப் பார்த்தே முடிவெடுப்பார்கள். சிரிக்காதீர்கள். சாமி முன்னால் பூக்கட்டிப் போட்டுப் பார்க்கும் சனங்கள் பக்கத்துத் தெருவிலேயே இருந்தார்கள். அவர்களும் நாங்களும் ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடித்தோம்.

மீசை அரும்பும் முன்பிருந்தே அந்த அட்டைகளை நான்தான் எழுதினேன். ஐயர் வசனங்களைத் தேர்ந்து கொடுப்பார். நான் மை தொட்டு எழுதி, சுற்றிலும் ஏலப்பூ போடுவேன். வீட்டுக்கு வீடு என் கையெழுத்து தொங்கியது. ஊருக்குள் கர்த்தர் பேசியதெல்லாம் என் எழுத்தில்தான்! அந்தக் கர்வம் எனக்குள் எப்போது முளைத்தது என்று யோசிக்கிறேன்... தெரியவில்லை.

அப்பா விழுந்தது ஒரு மழைக்காலத்தில். மலைக்கோயிலிலிருந்து இறங்கும்போது வழுக்கி, பாறையில் இடுப்பு அடிபட்டுவிட்டது. அவரைத் தோளில் போட்டுக்கொண்டு அட்டைப்பூச்சிகள் ஒட்டும் அந்தச் சேற்றுப் பாதையில் இறங்கி, ஜீப்பில் கிடத்திப் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவர் தங்கராஜ் அண்ணன். எஸ்டேட் ஜீப்பு டிரைவர். மலைக்கோயிலில் கணீரென்று பாட்டெடுக்கும் குரல் அவருடையதுதான். அப்பா பிழைத்தார். ஆனால் அதன்பின் அவர் எழுந்து நடக்கவில்லை.

தங்கராஜ் அண்ணன் ஜீப்பு கீழே இறங்கும் போதெல்லாம் அப்பாவைப் பார்க்க வந்தார். வந்தவர் கண் எங்கே போனது என்று எனக்கும் தெரிந்தது. அவர் வரும் நாளில் அக்கா கிடங்கிலிருந்து வெரசாக வந்துவிடுவாள். என்னை அவர் 'மாப்ளே' என்று கூப்பிட ஆரம்பித்தார். அக்கா உள்ளே பாத்திரத்தைப் போட்டு உருட்டுவாள். இருபத்தேழு வயதில் என் அக்கா வெட்கப்பட்டதை நான் பார்த்தேன். அழகாக இருந்தாள். வரையத் தோன்றியது. வரையவில்லை.

அடுத்த வருடம் கிறிஸ்துமசுக்கு முன்னால் அவருடைய சித்தப்பாவோடு வந்து முறையாகப் பெண் கேட்டார். ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணம். அக்கா மலைமேல் எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டுக்குப் போய்விடுவாள். அந்தக் குளிரை அப்பாவின் இடுப்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"மாமாவ மாப்ளே பாத்துக்கட்டும். வாரத்துல ரெண்டு தடவை நாங்க கீழ எறங்கி வர்றோம். தூக்க, குளிப்பாட்ட எல்லாத்துக்கும் நான் இருக்கேன்" என்றார் தங்கராஜ் அண்ணன்.

மாப்ளே பார்த்துக்கொள்வதாம்!  அந்த மாதம்தான் என் பள்ளிக்கூட டிராயிங் வாத்தியார், சென்னை ஓவியக் கல்லூரிக்கு நான் வரும் ஜூனில் போகலாம் என்று ஏற்பாடு செய்து முடித்திருந்தார். அக்கா போனால் நான் போக முடியாது. படுக்கையில் கிடக்கும் அப்பா, கட்டில், மூத்திரப் பாத்திரம், மேலே கூரை ஓடு... இதுதான் என் உலகம் என்று ஆகிவிடும்.

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரெண்டு வருசம் பொறுத்துக்கோ தம்பி. அதுக்குள்ள ஏதாச்சும் ஒரு வழி பண்ணிருவோம். உன்னய விட்டுருவேனா?" என்றாள்.

இரண்டு வருடம்! பொறுத்திருந்தால் என்ன குடியா முழுகிப்போயிருக்கும்? கல்லூரி ஓடியா போயிருக்கும்? இன்று கேட்கிறேன். அன்று எனக்குப் பத்தொன்பது வயது. இந்த ஜூன் போனால் எல்லாமே போய்விடும் என்று நினைத்தேன். ஆனால் வயதின்மேல் பழியைப் போட்டுத் தப்ப மாட்டேன். அந்த வயதில் நல்லவர்களும் இருந்தார்கள்.

தங்கராஜ் அண்ணனுக்கு அக்கா சொன்ன பதில் இதுதான்: "புத்தாண்டு வசனம் வரட்டும். ஆண்டவர் என்ன சொல்றாருன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

அவர் சிரித்தார். "மதி, அது மதி. கர்த்தர் என் பக்கந்தான்" என்றார். 'மதி' என்றால் போதும். மலையில் இருந்து இருந்து மலையாளம் அவர் பேச்சில் ஊறியிருந்தது.

அப்பா படுத்ததிலிருந்து, அக்கா கிடங்குக்குப் போனால் நான் வீட்டில் இருப்பேன், நான் கோயிலுக்குப் போனால் அவள் இருப்பாள். அதனால் முந்தின வருடமும் ஐயர் நார்ப்பெட்டியை என்னிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். இந்த வருடமும் அப்படித்தான் நடக்கும்... எனக்குத் தெரியும்.

என் அட்டைகளை எழுதினேன். ஐயர் கொடுக்காத வசனம். குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடச் சொன்ன தூதன், யோசேப்புக்கு இட்ட கட்டளையிலிருந்து எனக்கு வேண்டிய சொற்களை மட்டும் பிய்த்து எடுத்தேன். 'நான் சொல்லும்வரை அங்கேயே இரு.' அவ்வளவுதான். ஓர் அட்டை அல்ல. ஏழெட்டு அட்டைகளிலும் அதையே எழுதினேன். எல்லாவற்றிலும் ஏலப்பூ போட்டேன். நிதானமாக, ஒரு பூவும் கோணாமல்.

புத்தாண்டுக் காலையில் ஐயர் பெட்டியை நீட்டி, "அப்பாவுக்கு நானே ஜெபிச்சு எடுத்து வச்சிருக்கேன், இதக் குடுத்துரு. எஸ்தர் கையால எடுக்கட்டும்" என்றார். வழியில், பூட்டிக் கிடந்த கிடங்குச் சுவர் ஓரம் நின்று, பெட்டியில் மிச்சமிருந்த நல்ல வசனங்களை என் சட்டைக்குள் கொட்டிக்கொண்டேன். என் அட்டைகளைக் கவிழ்த்து அடுக்கினேன்.

அக்கா குளித்து, வெள்ளைச் சேலை கட்டிக் காத்திருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் முழங்கால் போட்டாள். நெடுநேரம் ஜெபித்தாள். உதடு அசைந்தது. பிறகு கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினாள். அந்தக் கை அட்டைகளின்மேல் அலைந்தது. ஒன்றை எடுத்தாள்... என்ன நினைத்தாளோ, அதைத் திரும்ப வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.

ஐயோ! எதை எடுத்தாலும் அதுதான் அக்கா! எதை எடுத்தாலும் அதுதான்!

வாசித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அட்டையை அப்பாவிடம் கொடுத்தாள். வேதத்தை வரி வரியாய்க் கரைத்துக் குடித்த உபதேசியார் அவர். புருவத்தைச் சுருக்கினார்.

"இது யோசேப்புக்குச் சொன்னதுல்ல? இதயா ஐயர் எழுதச் சொன்னாரு?"

"ஆமாப்பா."

அது அன்றைய இரண்டாவது பொய். முதலாவதைவிட எளிதாக வந்தது.

எங்கள் வீட்டில் வசனத்தைக் கேள்வி கேட்கும் பழக்கம் இல்லை. அப்பா அட்டையை மார்பில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். "பிள்ளையக் கொல்லத் தேடுன ஏரோது ராசாட்ட இருந்து காப்பாத்தத்தான் அங்க இருக்கச் சொன்னாரு..." என்று தனக்குத் தானே சொன்னார். அக்கா அவர் காலடியில் போர்வையைச் சரி செய்தாள். "எனக்கு வெளங்குதுப்பா. உங்களப் பாத்துக்கச் சொல்றாரு" என்றாள். அவள் குரல் உடையவில்லை. சட்டைக்குள் இருந்த நல்ல வசனங்கள் என் வயிற்றில் குத்திக்கொண்டிருந்தன. மீதிப் பொய் அட்டைகளை அன்று மாலையே வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

தங்கராஜ் அண்ணன் வந்து அட்டையை வாங்கி வாசித்தார். "சொல்ற வரைக்கும்னுதானே இருக்கு? சொல்லட்டும். நான் இருக்கேன்" என்றார். போகும்போது என் தோளைத் தட்டி, "படிச்சுட்டு வா மாப்ளே" என்றார். என்னை மாப்ளே என்று அவர் கூப்பிட்டது அதுதான் கடைசி.

நான் ஜூனில் ரயிலேறினேன். மதுரைக்குப் போகும் அந்தச் சின்ன ரயிலின் சன்னலோரம் எனக்குப் புளியோதரைப் பொட்டலம் கொடுத்துவிட்டு, அக்கா கிடங்குக்கு ஓடினாள். இனிப் பகல் பொழுதுக்கு மட்டும் பக்கத்து வீட்டு ஆச்சி அப்பாவோடு இருப்பாள்.

நீங்கள் ஒன்று கேட்கலாம். அடுத்த வருடம் சரி செய்திருக்கலாமே?

செய்திருக்கலாம்! அதுதான் என் இரண்டாவது குற்றம். முதலாவதைவிடப் பெரியது. அடுத்த கிறிஸ்துமசுக்கு வந்தபோது ஓர் அட்டை எழுதினேன். 'எழுந்து போ' என்று. தூதன் பின்னால் வந்து யோசேப்புக்குச் சொன்னதும் அதுதானே? என் வாழ்க்கையில் அதைவிட அழகாக நான் எதையும் எழுதியதில்லை. புத்தாண்டுக் காலையில் அது என் சட்டைப் பையில் இருந்தது. நார்ப்பெட்டியும் என் கையில் இருந்தது. அக்கா வாசலில் நின்றிருந்தாள், எதிர்பார்த்து... அப்படி எதிர்பார்த்து நின்ற முகத்தை நான் பிறகு எங்கும் பார்க்கவில்லை.

கல்லூரி இன்னும் முடியவில்லையே என்று நினைத்தேன். ஒரு கணந்தான். பெட்டியை அப்படியே நீட்டினேன். அவள் கைக்கு வந்தது ஆசீர்வாத வசனம். நல்ல வசனம். ஆனால் அதில் போ என்று எங்கும் இல்லை. அக்கா அதை முத்தமிட்டு வேதப்புத்தகத்துக்குள் வைத்தாள். முதல் வருடத்து அட்டை மட்டும் சுவரிலேயே இருந்தது.

மூன்றாம் வருடம் தங்கராஜ் அண்ணனின் அம்மா சாகக் கிடந்தாள். மகன் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்றாள். அவர் தேவாரம் ஊர்ப்பக்கத்துப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். மலைக்கோயிலில்தான் கல்யாணம். அக்கா போய்ப் பாட்டுப் பாடிவிட்டு, விருந்துக்குப் பரிமாறிவிட்டு, அதே ஜீப்பில் இறங்கி வந்தாளாம். எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். "பிள்ள நல்ல பிள்ள, குணமாவும் இருக்கு" என்றாள்.

அப்பா அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் இருந்தார். தன்னால்தான் மகள் கட்டுண்டு கிடக்கிறாள் என்ற எண்ணம் அவரை அரித்துவிட்டது. "ஆண்டவரே, என்னய எடுத்துக்கிட்டு எம் மகள விட்டுரும்" என்று அவர் ஜெபிப்பதை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். ஆண்டவரா அவளைக் கட்டினார்? உள்ளே போய் அப்பாவின் காலைப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டாமா நான்? அவர் நிம்மதியாகவாவது செத்திருப்பார்! சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ்சு நிலையத்துப் பக்கம் போய் டீ குடித்தேன்.

இதற்கு நடுவில் நான் ஓவியன் ஆனேன்.

எப்படி என்று தெரியுமா? சென்னையில் என் முதல் பெரிய படம். ஒரு நார்ப்பெட்டி. அதன்மேல் அலையும் ஒரு பெண்ணின் கை. கட்டைவிரல் நகம் தேய்ந்த கை. முகம் இல்லை. முகத்தில் கை வைக்காதே என்று அப்பா சொன்னது என் விரலில் அப்படியே இருந்தது. வாத்தியார்கள் வியந்தார்கள். நம்பிக்கையை இவ்வளவு நெருக்கமாக யாரும் வரைந்ததில்லை என்றார்கள். அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது. அதன்பிறகு கைகளாகவே வரைந்தேன். கைகளாகவே விற்றேன்.

நான் பார்த்த மிகப் பெரிய விசுவாசத்தை நானே ஏமாற்றி, அதையே படமாக்கிச் சோறு தின்றேன். இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? கலையா?

அந்தப் படம் அச்சான தாளைக் கொண்டுவந்து அக்காவிடம் காட்டினேன். ஏன் காட்டினேன்? பிடிபட வேண்டும் என்று ஆசைப்பட்டேனோ என்னவோ... அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "ஏ தம்பி, இது எங் கைதானே? இந்த மொண்டி நெகத்த ஊரு பூராம் காட்டிட்டியே!" அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினாள்.

போன கிறிஸ்துமசுக்குப் போனேன். அக்காவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. இன்னும் காய் பொறுக்குகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாள். தனியாக எதற்கு இங்கே இருக்கிறாய், என்னோடு சென்னைக்கு வந்துவிடு என்றேன்.

"இன்னும் சொல்லலையே தம்பி. சொன்னா வெரசா கெளம்பிற மாட்டேனா?" என்று சுவரைக் காட்டினாள்.

பார்த்தேன். ஓட்டுச் சந்து வழியே வெயில் விழுந்து விழுந்து அட்டை பழுத்திருந்தது. ஏலப்பூவின் ஊதா போய்விட்டது. எழுத்துகள் தேய்ந்து கோடாகிவிட்டன. இன்னும் இரண்டு வெயில் பட்டால் ஒன்றும் மிஞ்சாது. என் நெஞ்சுக்குள் ஓர் அற்பச் சந்தோஷம் எழுந்தது. தானாகவே அழிந்துவிடும்...

அக்கா அதைக் கழற்றித் துடைத்து என் மடியில் வைத்தாள்.

"மங்கிப்போச்சுடா. எனக்கும் கண்ணு முன்ன மாதிரி இல்ல. நீ எழுதினதுதானே, அதுமேலயே பழையபடி எழுதிக் குடுத்துட்டுப் போ. பெரிய ஆளாயிட்ட, நம்ம வீட்டு அட்டைய எழுத மாட்டியா?"

"அக்கா... இந்த வசனம்..." மடியிலிருந்த அட்டையைத் தொட்டுக் காட்டினேன். "இத... நான்தான்க்கா..."

"நீதான் எழுதினன்னு எனக்குத் தெரியாதா?" சிரித்தாள். "எழுதினது நீ. எடுக்க வச்சது கர்த்தர்."

சொல்லிவிட்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்விட்டாள்.

அவள் திரும்பி வரும் வரை எனக்கு நேரம் இருந்தது. வந்த பிறகும் இருந்தது. சொன்னால் அவளிடம் என்ன மிஞ்சும் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். கொடுத்த வாழ்க்கைக்கு அர்த்தம் என்று அவள் பிடித்துக்கொண்டிருப்பதையும் பிடுங்கலாமா என்று... பாருங்கள், என்ன பெரிய இரக்கம்! அது இரக்கம் இல்லை. பயம். அவள் என்னைப் பார்க்கப் போகும் பார்வையைப் பற்றிய பயம். பத்தொன்பது வயதில் எனக்காகத் திருடினேன். இப்போதும் எனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன்.

தூரிகையை நனைத்தேன். பழைய கோடுகளின்மேல் ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன்.  ஒரு கோடும் கோணவில்லை. சுற்றிலும் ஏலப்பூவும் போட்டுக் கொடுத்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

மை காய்ந்ததும் மறுபடி ஆணியில் மாட்டினாள். அதன் முன்னால் முழங்கால் போட்டாள். என்னையும் இழுத்துப் பக்கத்தில் முழங்கால் போட வைத்தாள். என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டாள். ஏலக்காய் வாசனை வந்தது.

"ஆண்டவரே, என் தம்பியோட கைய ஆசீர்வதியும். இந்தக் கையாலதான் எனக்கு உம்ம வார்த்தையக் கொடுத்தீரு" என்றாள்.

ஆமென் என்று நானும் சொன்னேன்.